பனிபலன்

ஒஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் மேல் புதுப்பனி விழுந்தால், இங்கே டென்மார்க்கில், இக்காஸ்டில், என் கைத்தொலைபேசி சிணுங்கும். எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது. இரண்டு கட்டையைக் காலில் பூட்டிக்கொண்டு மலையிலிருந்து உருள்வதற்குக் காசும் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. ஆனாலும் அந்த மலையின் உச்சியில் எவ்வளவு பனி கிடக்கிறது, அடிவாரத்தில் எவ்வளவு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, எந்த லிஃப்ட் ஓடுகிறது, எது நிற்கிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். எங்கள் வீட்டு வாசலில் மழையா வெயிலா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

தம்பிதான் பனிநிலை சொல்லும் அந்த ஆப்பை என் தொலைபேசியில் போட்டுத் தந்தவன். "அக்கா, நீங்களும் பயந்து அம்மாவையும் பயப்பிடுத்தாமல் இதைப் பாருங்கோ. பனி எப்படி, காத்து எப்படி, எல்லாம் இதில வரும்," என்று தொலைபேசியைப் பறித்து, கடவுச்சொல்லையும் என்னிடம் கேட்காமலே அடித்தான். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் கடவுச்சொல்லும் அவனுடைய பிறந்தநாள்தான்.

அவன் அம்மாவின் மடியில் இருந்தபடி டென்மார்க்குக்கு வந்தவன். நான் ஓரளவு வளர்ந்த பிறகு வந்தவள். அதனால் இந்த நாட்டுப் பனி எனக்கு வழித்தொல்லை, அவனுக்கு விளையாட்டு. மற்ற வீட்டுப் பெடியள் பந்தடிக்கப் போனால் இவன் ஸ்கீ ஓடப் போனான். வேலைக்குப் போகத் தொடங்கியதும் அங்கே கூட்டுக்கு ஒரு டேனிஷ்காரனும் கிடைத்தான். கதவு நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு உயரம். அம்மா அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தார். இரண்டு பேருமாக விடுமுறை விட்டால் காரில் ஜெர்மனியைக் கடந்து அந்தப் பனியாற்றுக்கு ஓடிவிடுவார்கள். பனியாறு என்றபடியால் மற்ற மலைகள் பச்சையாகக் கிடக்கும் இலையுதிர்காலத்திலும் அங்கே ஓடலாமாம்.

காலையில் நாங்கள் ராசிபலன் பார்க்கிற நேரத்தில் அவன் பனியைப் பார்ப்பான். நான் அதற்குப் பனிபலன் என்று பெயர் வைத்தேன். "இண்டைக்குப் பனிபலன் என்ன சொல்லுது? தனலாபமோ?" என்று கேட்டால், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சோதிடரின் குரலில் வாசிப்பான். "கும்பராசி நேயர்களே, மேலே புதுப்பனி, கீழே ஈரப்பனி, பிற்பகலில் பார்வை தெளிவு. மாலையில் காற்று, வீண் அலைச்சல்." அம்மா சிரித்துக்கொண்டே பேசுவார். இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு கலியாணத்தைக் கட்டடா என்பார்.

அம்மாவுக்குத் தன்னுடைய பலன் தனியாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம். அதில் உள்ள நேரத்தை மனதுக்குள்ளேயே டென்மார்க் நேரத்துக்கு மாற்றிவிடுவார். இங்கே கோடைக்கும் மாரிக்கும் மணிக்கூட்டை மாற்றுகிறார்களே, அதையும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை. போன வருடம் இலையுதிர்கால விடுமுறையில் தம்பி மலையிலிருந்து தொலைபேசி எடுத்தபோது அம்மா சொன்னார், "நாளைக்கு அட்டமி. மலையேறாதை."

"ஏறுறதுக்கு லிஃப்ட் இருக்கம்மா. நான் இறங்கத்தான் போறன்," என்றான் அவன். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அவன் எங்களோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அட்டமியன்று பனிபலன் நல்லதாகத்தான் இருந்தது. மூன்று நாளாகக் கொட்டிய புதுப்பனி, பகல் முழுக்க வெயில், இருட்டிய பிறகு காற்று. ஸ்கீ ஓடுகிறவர்களுக்குப் புதுப்பனி என்றால் உயிர். ஆனால் பனியாறு அடியில் வெடித்துக் கிடக்கும், கோடையில் வயல் வெடிக்கிற மாதிரி. புதுப்பனி அந்த வெடிப்புகளின் மேல் வெள்ளைத் துணியை விரித்துவிடும். இரண்டு பேரும் லிஃப்ட் இருக்கும் பக்கத்தை விட்டு, ஒரு மேட்டைத் தாண்டி ஆள் ஓடாத பனியில் இறங்கியிருக்கிறார்கள். தம்பி முன்னால் போனான். துணி கிழிந்தது. இருட்டிய பிறகு வரவேண்டிய காற்று பிற்பகலிலேயே வந்துவிட்டது. ஹெலிகொப்டர் எழும்பவில்லை. அடுத்த நாள் காலையில்தான் அவனை மேலே எடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கிருந்து வந்த பத்திரத்திலும் அவனை எடுத்த நாள்தான் இருந்தது.

செத்தவீட்டில் நெட்டையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "எல்லாம் விரைவாக முடிந்துவிட்டது. அவன் கஷ்டப்படவில்லை." நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கெதியா முடிஞ்சுதாம் அம்மா. அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தார்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அந்த வசனம் என் தொழில் வசனம். கொப்பன்ஹேகனிலிருந்து பிள்ளைகள் பிந்தி வந்து சேரும்போது, அமைதியாகத் தூங்கிப் போனார் என்று நாங்கள் சொல்வோம். சிலர் உண்மையில் அப்படித்தான் போனார்கள். சிலர் பின்னேரம் முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போய் எத்தனையோ காலமான தாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் அதே வசனம்தான். இதில் எனக்கு வெட்கமில்லை, நாளைக்கும் சொல்வேன். ஆனால் சொல்லும்போது நான் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பேன். நெட்டையன் அம்மாவின் தோளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பாம்பின் கால் பாம்பறியும்.

எரித்த பிறகு வந்த முதல் கிழமையிலேயே தொலைபேசி சிணுங்கியது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்தை அவன் வேண்டுமென்றே மற்ற எதற்கும் இல்லாத மாதிரி வைத்திருந்தான், இரும்பில் கரண்டி பட்ட மாதிரி. அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "என்னவாம்?" என்றார். "மேல புதுப்பனியாம்," என்றேன். அழித்துவிடுகிறேன் என்று தொலைபேசியை எடுத்தபோது அம்மா என் கையில் அடித்தார். இந்த வயதில் நான் அடி வாங்குவேன் என்று நினைத்திருக்கவில்லை. "அவன்ர சத்தம். கிடக்கட்டும்," என்றார்.

அது கிடந்தது. மாரி முழுக்கச் சிணுங்கியது. வேலையிடத்தில் ஒரு கிழவரை நான் கழுவிக்கொண்டிருக்கும்போது என் சட்டைப்பையில் சிணுங்கும். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கும்போது சிணுங்கும். ஒவ்வொரு முறையும் முதுகு கூசும், ஒவ்வொரு முறையும் ஆரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆப்பில் மலையுச்சியைக் காட்டும் கமராவும் உண்டு. விடியற்புறத்தில் லிஃப்டை ஆளில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கம்பியில் தொங்குகிற கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாக மேலே போகும், காலியாகத் திரும்பி வரும். வேலைக்கு வெளிக்கிடமுன் நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தக் கதிரையிலாவது தம்பியின் சிவப்புச் சட்டை இருக்குமா என்று பார்ப்பேன். சாம்பலைக் கடலில் கரைத்தவளே நான்தான், ஆனாலும் பார்த்தேன். கோடை வந்து சத்தம் நின்றபோது நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மா தொலைபேசியை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

பிறகு ஆட்டைத் திவசம் வந்தது. வருடம் முடியும்போது செய்கிற முதல் திவசம், அதைத் திதி பார்த்துத்தான் வைக்கவேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை நாங்கள் எரித்த நாளிலிருந்து எண்ணிச் செய்திருந்தபடியால் அதுவரை திதியைப் பற்றி ஆரும் கேட்கவில்லை. கோயிலில் ஐயர் கேட்டார். அம்மா உடனே, "அட்டமி," என்றார்.

ஐயர் கவனமான மனிதர். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அண்டைக்கு இஞ்சத்தை நேரப்படி, விளக்கு வைக்கிற பொழுதோட அட்டமி முடிஞ்சு நவமி தொடங்கியிட்டுது அம்மா. உயிர் போனது பொழுதுபட முந்தியோ, பிந்தியோ?"

"கெதியா முடிஞ்சதெண்டுதானே சொன்னவை. அப்ப முந்தி. அட்டமி," என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். வேலையிடத்தில் கூசாமல் சொல்கிற அதே வசனம். ஐயர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நேரம் தெரியாவிட்டால் அந்த மாதத்து அமாவாசையில் வைக்கலாம், அதில் குறையில்லை என்று ஒரு வழி சொன்னார். எனக்கு அந்த மனிதரைக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

அம்மா விடவில்லை. "அமாவாசை நாள் தெரியாமல் போனவைக்கு. என்ர பிள்ளை ஆர் எவரெண்டு தெரியாத அநாதையே? பக்கத்தில ஆள் நிண்டதுதானே." காரில் ஏறிய பிறகும் அதே கதைதான். "பிழையான திதியில வைச்சா அவனுக்குப் போய்ச் சேராது. நீ போய் அந்தப் பெடியனைக் கேள். உனக்குப் பயமெண்டா நான் போறன். டேனிஷ் தெரியாட்டிலும் முகத்தைப் பார்த்தா எனக்கு விளங்கும்."

பொழுதுபட முந்தி என்றால், விழுந்தவுடன் போய்விட்டான். பிந்தி என்றால், அந்த வெடிப்புக்குள் பின்னேரம் முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறான். அம்மா கேட்டது ஒரு நாளைத்தான். அந்த நாளோடு சேர்ந்து என்ன வரும் என்று அவர் யோசிக்கவில்லை என்றுதான் நான் நம்பினேன்.

நெட்டையனின் வீடு இக்காஸ்டின் ஓரத்தில், பழைய நெசவாலைப் பக்கம். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அவனுடைய முகம் வெளிறியது. வாகனம் விடுகிற கொட்டிலில் ஸ்கீக் கட்டைகள் ஒரு பழைய போர்வையால் மூடிக் கிடந்தன. கோப்பி ஊற்றித் தந்துவிட்டு மேசையின் மற்ற முனையில் போய் இருந்தான். வழக்குப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். அதனால் நான் சுற்றி வளைக்காமல் டேனிஷில் சொன்னேன்.

"நான் உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு வருடத்தில் ஒரு நாள் சமைத்துச் சாப்பாடு வைப்போம். எந்த நாள் என்பதைச் சந்திரனை வைத்துப் பார்ப்போம். அவன் இருட்டுவதற்கு முன் இறந்தானா, பின் இறந்தானா என்று தெரிந்தால்தான் எந்த நாளில் சமைப்பது என்று அம்மாவுக்குத் தெரியும். வேறொன்றும் கேட்கமாட்டேன்."

பொலிஸ் அவனைக் கேட்டிருந்தது. காப்புறுதிக்காரர் கேட்டிருந்தார்கள். மனைவி கேட்டிருந்தாள். எந்த நாளில் சமைக்கலாம் என்று ஆரும் கேட்டிருக்கவில்லை. அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "பின்," என்றான்.

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. மீட்புக்காரரோடு தொலைபேசியில் கதைத்தானாம். ஹெலிகொப்டர் வராது, நடந்து வருகிறோம், நீ அசையாதே என்றார்களாம். வெடிப்பின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தானாம். தம்பியைக் காணமுடியவில்லை, குரல் மட்டும் கேட்டதாம். "முதலில் பகிடி விட்டான். வானிலை அறிக்கை பொய் சொல்லிவிட்டது, காசைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்றான். இருட்டிய பிறகு டேனிஷை விட்டுவிட்டான். உங்கள் மொழியில் கதைக்கத் தொடங்கினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கேட்பான், பிறகு நிறுத்துவான், நான் பதில் சொல்லவேண்டும் என்கிற மாதிரி. நான் ஒவ்வொரு முறையும் ஆம் என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆம், ஆம் என்றேன். மீட்புக்காரர் வந்தபோது அவன் கதைத்து முடித்து நெடுநேரம்." அவன் முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தான். "எதற்கு நான் ஆம் என்று சொன்னேன் என்று இந்த வருடம் முழுக்க யோசிக்கிறேன்."

நான் அழுதேன். அந்தக் கோப்பியைக் குடிக்காமல் அதன் முன்னாலேயே இருந்து அழுதேன். எனக்குக் கோபமும் வந்தது. முந்தி வந்த காற்றின் மேல், எழும்பாத ஹெலிகொப்டரின் மேல், வெயில் என்று சொன்ன அறிக்கையின் மேல், உயிரோடு எனக்கு முன்னால் இருந்த இவன் மேலும்தான். அதே நேரம் அவன் செய்தது என்னவென்று என்னைவிட ஆருக்குத் தெரியும். கடைசி நாட்களில் எங்கள் கிழவர்களும் நாங்கள் கேட்டிராத ஏதோ ஒரு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் கையைப் பிடித்துக்கொண்டு ஆம் ஆம் என்போம்.

காரில் வரும்போது அட்டமி என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் சுலபமாக வந்தது. அட்டமி என்றால் அம்மா நித்திரை கொள்வார். படைத்த சோறு செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பதில் எனக்கு உண்மையில் அரை நம்பிக்கைதான். ஆனால் அவன் உயிரோடு கிடந்து கதைத்த அவ்வளவு நேரத்தையும் இல்லையென்று ஆக்கினால், அவனை அந்த இருட்டில் இரண்டாம் தரமும் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. வீட்டில் அம்மா மேற்சட்டையைக் கழற்றாமலே குசினியில் மர வாங்கில் காத்திருந்தார்.

"நவமி," என்றேன்.

கணக்குத் தெரிந்தவருக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அம்மா மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப இருட்டில கிடந்தவன்."

"ஓம் அம்மா."

"கதைச்சவனோ?"

"கதைச்சவனாம். கடைசியில தமிழில கதைச்சவனாம்."

"ஆரோட?"

"அந்தப் பெடியனோடதான். அவனுக்கு விளங்கேல்லையாம். ஆனா ஒவ்வொரு தரமும் ஓம் எண்டு சொன்னவனாம்."

அம்மா அழுதார். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், தோளைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுது முடிந்து மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "அவனையும் வரச்சொல்லு. உறைப்பு ஒத்துக்கொள்ளாது. கத்தரிக்காய்க்குத் தூளைக் குறைச்சுப் போடுவம்," என்றார்.

நவமியன்று விடிய எழும்பிச் சமைத்தோம். கத்தரிக்காய், பூசணி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அவனுக்குப் பிடித்த பயித்தங்காய்க் கறி. பெரியப்பாவின் மகன் ஐயரோடு இருந்து தர்ப்பை போட்டுக் கிரியையைச் செய்து முடித்தார். படத்தின் முன்னால் இலை போட்டுப் படைத்தோம். நெட்டையன் செத்தவீட்டுக்கு உடுத்த அதே கறுப்பு உடுப்போடு வந்தான். நிலத்தில் இருக்கச் சொன்னால் அந்த நீளக் காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் பட்ட பாட்டைப் பார்த்துத் தம்பி இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பான். அம்மா அவனைப் படத்துக்குப் பக்கத்திலேயே இருத்தி இலை போட்டார். பரிமாறமுன் என்னிடம் திரும்பினார்.

"இவனுக்குச் சொல்லு. அவன் என்னத்தைக் கேட்டிருந்தாலும் ஓம் எண்டதுதான் சரி. நான் நிண்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

நான் டேனிஷில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு, விரலால் இலையின் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போது தொலைபேசி சிணுங்கியது. இரும்பில் கரண்டி பட்ட அதே சத்தம். ஆனால் இரண்டு தரம், ஒன்று என் பக்கத்திலிருந்து, மற்றது நெட்டையனின் சட்டைக்குள்ளிருந்து. அவனும் அழிக்கவில்லை. அவனுடையதிலும் அந்தச் சத்தத்தைத் தம்பிதான் வைத்துக் கொடுத்திருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவரின் கையும் எடுக்கப் போகவில்லை.

என்னவாம் என்றுதான் அம்மா எப்போதும் கேட்பார். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி, "அங்க காத்து எப்படியாம் பிள்ளை?" என்றார்.

நான் எடுத்துப் பார்த்தேன். புதுப்பனி. தெளிந்த வானம்.

"காத்து இல்லை அம்மா," என்றேன். அது உண்மை. அம்மா ஓம் என்று சொல்லிவிட்டு, தம்பியின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.